திபோ பினோ: டூர் ஜெயிக்காத கிளைம்பருக்கு ஏன் இவ்ளோ கூட்டம்?

9 ஜனவரி 2024

பிரெஞ்சு சைக்கிள் ரேஸ் வீரர் திபோ பினோவப் பத்தி வாசகர் ஒருத்தர் கேட்டது: "பத்து டூர் டி பிரான்ஸ் ஓட்டிருக்காரு, அதுல நாலுல பாதியிலயே விலகிட்டாரு. போடியம் ஒரே ஒரு தடவை, 2014ல மூணாவது எடம். மொத்த நேரக் கணக்குல மொதல்ல இருக்கறவரு போடற மஞ்சள் ஜெர்சி ஒரு நாள் கூட போட்டதில்ல. இந்த ஆளு ரிட்டையர் ஆனதுக்கு ஊரே ஏன் அழுவுது? பாவப்பட்டு கொண்டாடுறாங்களா?"

நம்பரெல்லாம் சரிதான், அதுல சண்ட இல்ல. பாவப்பட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் பதில் எழுதணும்னு உக்காந்தேன். பினோவப் பத்தி பேச ஆரம்பிச்சாலே "துரதிர்ஷ்டசாலி"னு முடிச்சிடுறாங்க, பிரெஞ்சு டிவிக்காரங்களும் அப்படித்தான், நம்ம ஆளுங்களும் அப்படித்தான். என் வாதம் என்னன்னா, அந்த வார்த்தைய போட்டு போட்டு அந்த ஆளு உண்மையிலயே எவ்ளோ பெரிய ஓட்டக்காரர்ங்கறத மறைச்சிட்டாங்க. மூணு கிராண்ட் டூர்லயும் (மூணு வாரம் ஓடற பெரிய ரேஸுங்க: பிரான்ஸ்ல டூர், இத்தாலில ஜீரோ, ஸ்பெயின்ல வுவெல்டா) ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், ஜெயிச்சவரு, ஆல்ப் த்யுவெஸ் மலை மேல ஜெயிச்சவரு, தூர்மலே மலை மேல ஜெயிச்சவரு, இத்தாலியோட ஒரு நாள் ரேஸ் லொம்பார்தியா ஜெயிச்சவரு. இதுல ஒண்ணே ஒண்ணு இருந்தாலே போதும், வேற கிளைம்பரா இருந்தா வாழ்நாள் பூரா அதச் சொல்லியே காலம் தள்ளிருப்பாரு.

நான் பெல்ஃபோர் பக்கம் இருக்கேன், பினோவோட ஊரு மெலிசே இங்கருந்து ரொம்ப தூரமில்ல. அதனால எனக்கு பாசம் ஜாஸ்தி, அத மறைக்கல. வேலை முடிஞ்சு மிச்சத்த எழுதுறேன்.

9 ஜனவரி 2024, ராத்திரி

மொதல்ல 2012. அந்த வருஷ டூர்ல ஏழாவது ஸ்டேஜ் லா ப்ளான்ஷ் தே பெல் ஃபீய் மேல முடிஞ்சுது, டூர் அந்த மலைக்கு வந்தது அதுதான் மொத தடவை. பினோ சின்ன வயசுலருந்து ஏறி எறங்குன மலை அது. அன்னிக்கு ஃப்ரூம் ஜெயிச்சாரு, விக்கின்ஸ் மஞ்சள் ஜெர்சி எடுத்தாரு, பினோ பேரு யார் வாயிலயும் வரல. மறுநாள் பெல்ஃபோர்லருந்து சுவிஸ்ல இருக்கற போரான்த்ருயிக்கு ஸ்டேஜ். சின்னச் சின்ன ஏத்தம் வரிசையா வரும், ஒண்ணு கூட பெரிய மலை இல்ல, ஆனா மூச்சு வாங்க விடாது. கடைசி ஏத்தத்துல முன்னாடி தனியா போயிட்டிருந்த கெஸியாகோஃப புடிச்சு தாண்டிட்டாரு. பின்னால எவன்ஸ் இருந்த குரூப் தொரத்துது. வயசு 22, அந்த டூர்லயே சின்னப் பையன் இவருதான், டீமுக்கே இவ்ளோ சீக்கிரம் டூருக்கு கூட்டிட்டு வரலாமான்னு யோசனை இருந்துச்சு.

டீம் பாஸ் மார்க் மாதியோ கார் ஜன்னல் வழியா பாதி ஒடம்ப வெளிய நீட்டி, கதவ தட்டித் தட்டி, தொண்ட கிழிய கத்துற வீடியோ இன்னிக்கும் சுத்திட்டிருக்கு. மாதியோ பாரிஸ்-ரூபேய ரெண்டு தடவை ஜெயிச்ச மனுஷன், ரேஸ்ல பாக்காதது ஒண்ணும் இல்ல, அவரே அப்படி கத்துனாரு. 26 செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாரு பையன். டூர் முடியறப்போ மொத்தக் கணக்குல பத்தாவது.

அந்த ஒரு வெற்றிதான் அவரு தலையில பாரத்தையும் ஏத்துச்சுன்னு நெனைக்கிறேன். 1985ல இனோ ஜெயிச்சதுக்கப்புறம் பிரான்ஸ்காரன் ஒருத்தன் கூட டூர் ஜெயிக்கல. 22 வயசுப் பையன் ஒரு ஸ்டேஜ் எடுத்து பத்துக்குள்ள வந்தா, அடுத்த நாள்லருந்தே எல்லாரும் அந்த கேள்வியத்தான் கேப்பாங்க.

11 ஜனவரி 2024

"எறக்கத்துல பயப்படற ஆளு எப்படி பெரிய கிளைம்பர்?"னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி.

2013 டூர், ஆக்ஸ் த்ருவா தொமேன் போற ஸ்டேஜ். பையேர் மலைய ஏறி எறங்கும்போது பினோ கண்ணு முன்னாடியே குரூப் தூரமா போயிடுச்சு. ஏத்தத்துல விட்டது கொஞ்சம், எறக்கத்துல விட்டது ஏகப்பட்டது. அப்புறம் அவரே வெளிப்படையா சொல்லிட்டாரு, சில பேருக்கு சிலந்தி, பாம்புன்னா பயம், எனக்கு வேகம்னா பயம்னு. தொழில்முறை சைக்கிள் வீரன் வாயத் தொறந்து சொல்ற விஷயமா இது? எதிராளிங்க எல்லாருக்கும் எங்க தாக்கணும்னு நீங்களே காட்டிக் குடுக்கற மாதிரி. ஆனாலும் சொன்னாரு.

இந்த பயத்த எனக்கு நல்லா தெரியும். பலோன் தால்சாஸ்லருந்து மழையில எறங்கும்போது ஒரு தடவை எனக்கு வந்துச்சு. மொதல்ல வெரலு பிரேக்க விட மாட்டேங்கும். அப்புறம் தோள்பட்டை கல்லாயிடும். கண்ணு வளைவு எங்க முடியுதுன்னு பாக்கறத விட்டுட்டு ரோட்டோரத்த பாக்க ஆரம்பிச்சிடும், கண்ணு எங்க பாக்குதோ சைக்கிளும் அங்கதான் போகும். தைரியமா இருன்னு யாராவது சொன்னா கோவம்தான் வரும். நான் நின்னு எறங்கி, கைய உதறிட்டு மெதுவா போயிடலாம், அவரால நிக்க முடியாது. முன்னாடி இருக்கறவன் எழுவது எம்பதுல போயிட்டிருப்பான், அவன் சக்கரத்த விட்டா அன்னிய கதை முடிஞ்சுது.

அந்த டூர்ல உடம்பும் சரியில்லாம விலகுனாரு. அதே வருஷம் வுவெல்டா போயி ஏழாவதா முடிச்சாரு. அடுத்த வருஷம் டூர்ல மூணாவது எடம், இளம் வீரர் வெள்ளை ஜெர்சி. நிபாலி மொதல்ல, பெரோ ரெண்டாவது. 2013ல பையேர்ல நின்ன எடத்துலருந்து 2014ல பாரிஸ் போடியம் வரைக்கும் ஒரு வருஷத்துல வந்தத யாரும் பெருசா பேசறதில்ல. என்னப் பொறுத்தவரைக்கும் அவரு வாழ்க்கையிலயே கஷ்டமான ஏத்தம் அதுதான்.

12 ஜனவரி 2024

சின்ன குறிப்பு. அவர வெறும் கிளைம்பர்னும் சொல்லிட முடியாது. 2016ல பிரான்ஸ் நேஷனல் டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரா தனியா கடிகாரத்த எதிர்த்து ஓட்டற ரேஸ்) சாம்பியன். ஒல்லியான கிளைம்பருங்க தட்டையான டைம் ட்ரையல்ல தெணறுவாங்க, இவரு அதுல நாட்டு சாம்பியன் ஆனாரு. ஏத்தத்துல ஸ்பீடு கொறைவு, அதனால காத்து எதிர்ப்பும் கொறைவு, ஒரு கிலோவுக்கு எத்தன வாட் மிதிக்கிறங்கறதுதான் கணக்கு. தட்டையில காத்துதான் எதிரி, அங்க மொத்த வாட் வேணும். ரெண்டுமே இருந்ததாலதான் மாதியோ அவர வெச்சு மஞ்சள் ஜெர்சி கனவு கண்டாரு.

வெயில் மட்டும் ஆகவே ஆகாது அவருக்கு. குளிரும் மழையும் வந்தா மூஞ்சி தெளிஞ்சிடும். ஜூலை மாச பிரான்ஸ்ல ரேஸ் ஓட்டறவனுக்கு இது எவ்ளோ பெரிய தொல்லைன்னு யோசிச்சு பாருங்க. வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் அவரு ஓட்டுனத பாத்தா வேற ஆளு மாதிரி இருக்கும்.

15 ஜனவரி 2024

அதுக்கு சாட்சி 2018. இந்த வருஷத்த தனியா எழுதணும்.

ஏப்ரல்ல டூர் ஆஃப் தி ஆல்ப்ஸ் ஜெயிச்சாரு. மே மாசம் ஜீரோ. பத்தொம்பதாவது ஸ்டேஜ்ல ஃப்ரூம் ஃபினெஸ்த்ரே மலையில தனியா போயி ஜீரோவையே தலைகீழா பொரட்டுன நாள், அன்னிக்கு சாயங்காலம் மொத்தக் கணக்குல பினோ மூணாவது. இன்னும் ஒரே ஒரு மலை நாள், அப்புறம் ரோம். மறுநாள் செர்வீனியா போற வழியில ஒடம்பு நின்னு போச்சு. காய்ச்சல், மூச்சு வாங்க முடியல, டீம்மேட்டுங்க சுத்தி நின்னு தள்ளாத கொறையா கூட்டிட்டு போனாங்க, 45 நிமிஷம் பின்னால வந்து சேந்தாரு. நேரா ஆஸ்பத்திரி, நிமோனியான்னு சொன்னாங்க. கடைசி ஸ்டேஜ் ஸ்டார்ட் பண்ணவே இல்ல. ஆனா அன்னிக்கு சைக்கிள விட்டு எறங்காம மேல வரைக்கும் போய்ச் சேந்தாரு, அத மறந்துடறாங்க.

எல்லாரும் கதைய இங்க நிறுத்திடுவாங்க. எனக்கு இதுக்கப்புறம்தான் கதையே. அந்த வருஷ டூருக்கு வரல. ஆகஸ்ட்-செப்டம்பர்ல வுவெல்டாவுல லாகோஸ் தே கோவதோங்கா ஜெயிச்சாரு, அப்புறம் அந்தோராவுல இன்னொண்ணு. அக்டோபர் 10 மிலானோ-தொரினோ, சூபெர்கா மேட்டுல ஜெயிச்சாரு. மூணு நாள் கழிச்சு லொம்பார்தியா.

லொம்பார்தியாவ பாக்காதவங்க எப்படியாவது பாத்துடுங்க. சொர்மானோ சுவர் மாதிரி நிக்கிற ஏத்தம். ரோக்லிச், பெர்னால், நிபாலி, பினோ முன்னாடி. அப்புறம் சிவிலியோ ஏத்தத்துல பினோவும் நிபாலியும் மட்டும். நிபாலி அதுக்கு முந்துன வருஷ சாம்பியன், அந்த ரோடு ஒவ்வொரு வளைவும் அத்துப்படி, எறக்கத்துல உலகத்துலயே கெட்டிக்காரங்கள்ல ஒருத்தரு. பினோவுக்கு தெரியும், உச்சி வரைக்கும் கூடவே வந்தா எறக்கத்துல என்ன ஆகும்னு. அதனால திரும்பத் திரும்ப எழுந்து அடிச்சாரு. ஒரு அடி, நிபாலி ஒட்டிக்கிறாரு. இன்னொரு அடி, மறுபடி ஒட்டிக்கிறாரு. நிபாலி தோள் ஆட ஆரம்பிக்குது, வாய் தொறக்குது. அப்புறம் ஒண்ணு, சக்கரத்துக்கு நடுவுல இடைவெளி விழுது, ஒரு சைக்கிள் நீளம், ரெண்டு, அவ்ளோதான். கோமோவுக்கு தனியா வந்தாரு. 2013ல வேகத்துக்கு பயம்னு சொன்ன அதே ஆளு, ஒரே நாள்ல இத்தன எறக்கம் இருக்கற ரேஸ ஜெயிச்சாரு.

இவர துரதிர்ஷ்டசாலின்னு சொல்றவங்க இந்த ரெண்டு மாசத்த எந்தக் கணக்குல வெப்பாங்க?

16 ஜனவரி 2024

"சரி, 2019 பத்தி ஏன் வாயத் தொறக்கல?"னு மூணு பேரு கேட்டாச்சு. தொறக்கறேன்.

அந்த வருஷ டூர், எட்டாவது ஸ்டேஜ் சேன்-தெத்தியேன், அலாஃபிலிப்போட சேந்து தாக்கி மத்த ஃபேவரிட்டுங்க மேல நேரம் எடுத்தாரு. ரெண்டே நாள் கழிச்சு ஆல்பி போற ரோட்டுல பக்கவாட்டு காத்து, பெலோட்டான், அதாவது வீரருங்க மொத்தக் கூட்டம், துண்டு துண்டா ஒடஞ்சுது, பினோ தப்பான துண்டுல மாட்டிக்கிட்டாரு. 1 நிமிஷம் 40 செகண்ட் போச்சு. மலையே இல்லாத நாள்.

அப்புறம் தூர்மலே, ஜூலை 20. டீம்மேட் கோதூ முன்னாடி நின்னு இழுத்து இழுத்து குரூப்ப உதுத்தாரு, தாமஸ் கழண்டு போனாரு, கடைசி மேட்டுல பினோ எழுந்தாரு, யாரும் வரல. 2115 மீட்டர் உசரத்துல பிரான்ஸ்காரன் ஜெயிக்கிறான், மஞ்சள் ஜெர்சி போட்ட இன்னொரு பிரான்ஸ்காரன் அலாஃபிலிப் ரெண்டாவதா வரான். மறுநாள் ப்ரா தால்பீல திரும்பவும் எல்லா ஃபேவரிட்டையும் விட்டுட்டு போனாரு. அந்த ரெண்டு நாள்ல அவர விட நல்லா ஏறுனவங்க அந்த டூர்ல யாரும் இல்ல, பெர்னால் உட்பட.

கணக்கு போட்டு பாருங்க. பத்தொம்பதாவது ஸ்டேஜ் காலையில அலாஃபிலிப் மொதல்ல, பெர்னால் 1:30 பின்னால, பினோ 1:50 பின்னால. ஆல்பில விட்ட 1:40ய கழிச்சா மஞ்சள் ஜெர்சிக்கு பத்தே செகண்ட், பெர்னாலுக்கு 1:20 முன்னாடி. ஆனா அன்னிக்கு கால் போயிடுச்சு. ரெண்டு நாள் முன்னாடி ஒரு விழுகைய தவிர்க்கப் போயி தொடை ஹேண்டில்பார்ல இடிச்சு, உள் தொடை தசை கிழிஞ்சிருந்துது. வலியோடவே வால்வார் ஸ்டேஜ முடிச்சிருக்காரு. டீன்யே ஸ்டேஜ்ல ஆரம்பத்துலயே பின்தங்குனாரு, டாக்டர் கார் பக்கத்துல வந்துச்சு, டீம்மேட் வில்லியம் பொனே கழுத்துல கை போட்டு கூடவே ஓட்டுறாரு, பினோ அழுதுட்டே மிதிக்கிறாரு. அப்புறம் எறங்கி கார்ல ஏறிட்டாரு.

அன்னிக்கே ஆலங்கட்டி மழை, மண்சரிவு, ரேஸ இஸெரான் உச்சியில எடுத்த நேரத்தோட முடிச்சிட்டாங்க, மஞ்சள் பெர்னாலுக்கு. எனக்கு டிவி முன்னாடி உக்காரவே முடியல, எழுந்து வெளிய போயிட்டேன்.

17 ஜனவரி 2024

நேத்து எழுதுனத பத்தி ஒரு மறுயோசனை. அந்த பத்து செகண்ட் கணக்கு சரிதான், ஆனா "அது மட்டும் நடக்கலன்னா ஜெயிச்சிருப்பாரு"ங்கற எடத்துக்கு நான் போக மாட்டேன். காத்துல சரியான எடத்துல இருக்கறதும் ரேஸ்தான், தட்டையில டீமோட நெலைமையும் ரேஸ்தான். பெர்னாலோட டீம் இனியோஸ்காரங்க அன்னிக்கு முன்னாடி இருந்தாங்க, அது அவங்க தெறமை. மூணு வாரம் ஒடம்பு தாங்கறதும் ஒரு தெறமை, பினோ ஒடம்பு பல தடவ தாங்கல. அதையும் சேத்துதான் எடை போடணும். எனக்கு அவரு டூர் ஜெயிச்சிருக்க வேண்டியவர்னு நிரூபிக்கற ஆச இல்ல. டூர் ஜெயிக்காமயே பெரியவருங்கறதுதான் என் பேச்சு.

20 ஜனவரி 2024

2020 டூர் பத்தி சுருக்கமா. நீஸ்ல மொத நாளே மழையில விழுந்தாரு, முதுகு போச்சு. பேலே மலை வந்த ஸ்டேஜ்ல ஜெயிச்சவர விட 25 நிமிஷம் பின்னால வந்தாரு. அந்த டூரோட கடைசி டைம் ட்ரையல் லூர்லருந்து லா ப்ளான்ஷுக்கு, வழியில மெலிசே தெருவுக்குள்ளயே போச்சு. சொந்த ஊரு வழியா மஞ்சள் ஜெர்சி சண்ட போட வேண்டியவரு, அந்த டூர மொத்தக் கணக்குல 29வது ஆளா முடிச்சாரு. 2021 டூருக்கே வரல.

அப்புறம் 2022 ஏப்ரல், டூர் ஆஃப் தி ஆல்ப்ஸ். ஒரு நாள் தனியா முன்னாடி போயி கடைசியில லோபெஸ் தாண்டிட்டாரு, பினோ கண்ணு கலங்கிட்டாரு. மறுநாள் மழையில லியன்ஸ்ல ஜெயிச்சாரு. தூர்மலேக்கு அப்புறம் 1007 நாள் கழிச்சு மொத வெற்றி. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

22 ஜனவரி 2024

"அவரு தந்திரம் தெரியாதவரு, க்ரான்-மொன்டானாவே சாட்சி"ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. 2023 ஜீரோ, அங்க முடிஞ்ச பதிமூணாவது ஸ்டேஜ். முன்னாடி மூணு பேரு. பினோ திரும்பத் திரும்ப தாக்குறாரு, செபேதாவோட வாய்ச்சண்ட வேற. எய்னெர் ரூபியோ பின்னாலயே அமைதியா உக்காந்து வந்து கடைசியில தாண்டி ஜெயிச்சிட்டாரு. சோல்தோவுலயும் ஸானாகிட்ட ரெண்டு பேர் ஸ்ப்ரிண்ட்ல தோத்தாரு.

அன்னிக்கு தப்பா ஓட்டுனாரு, ஒத்துக்கறேன், கோவம் தலைக்கு ஏறிடுச்சு. ஆனா அதே ஜீரோவுல மலை ராஜா நீல ஜெர்சி (மலை உச்சிகள்ல அதிகப் புள்ளி எடுத்தவருக்கு குடுக்கறது), மொத்தக் கணக்குல அஞ்சாவது. ஜனவரிலயே இதுதான் கடைசி வருஷம்னு அறிவிச்ச ஆளு. மத்தவங்க கடைசி வருஷத்துல கைய ஆட்டிட்டு போவாங்க, இவரு ரூபியோவோடயும் செபேதாவோடயும் ஒரு ஸ்டேஜுக்காக மல்லுக்கட்டுறாரு. கையில "வெற்றி மட்டுமே அழகு"ன்னு இத்தாலியன்ல பச்ச குத்திருக்காரு, அது சும்மா குத்துனது இல்ல.

23 ஜனவரி 2024

பெத்தி பலோன் மலை பத்தி எழுதச் சொல்லி கேட்டிருந்தீங்க. ஆமா, போயிருந்தேன்.

2023 ஜூலை 22, டூரோட இருவதாவது ஸ்டேஜ், பெல்ஃபோர்லருந்து மார்க்ஸ்டைன். 2012ல அவரு ஜெயிச்ச ஸ்டேஜ் கெளம்புன அதே பெல்ஃபோர். பெத்தி பலோன்ல ஒரு வளைவ பினோ ரசிகருங்க மொத்தமா புடிச்சிட்டாங்க, "பினோ வளைவு"ன்னே பேரு. முந்துன நாள்லருந்தே ஆளுங்க, கூடாரம், முரசு, சாயம் பூசுன துணி. ரோடு கண்ணுக்கே தெரியல, மனுஷங்களா இருக்காங்க. யாரு முன்னாடி வராங்கன்னு போன்ல பாக்கலாம்னா நெட்வொர்க் செத்துப்போச்சு. கீழருந்து சத்தம் மேல ஏறி வருது, அந்த சத்தத்த வெச்சே புரிஞ்சிடுச்சு, தனியா வராருன்னு.

மோட்டார் பைக் போச்சு, பொகை, கூட்டம் கடைசி நொடியில ரெண்டா பிரியுது, நடுவுல ஒரு ஹேண்டில்பார் அகலத்துக்குத்தான் வழி. என்கிட்டருந்து கை நீட்டுனா தொடற தூரம். நான் நீட்டல. முன்னங்கை பூரா வேர்வையில மின்னுது, ஜெர்சி ஜிப்பு தொறந்து கெடக்கு, பார்வை முன் சக்கரத்துக்கு கொஞ்சம் தள்ளி ரோட்டுல குத்தி நிக்குது. ஆட்டமே இல்ல, தோள் அசையல. அவ்ளோ சத்தத்துக்கு நடுவுல அந்த ஒருத்தரு மட்டும் வேலை பாத்துட்டிருந்தாரு. பக்கத்துல ஒரு பெரியவரு, என் அப்பா வயசிருக்கும், என் தோள புடிச்சு அழுதாரு, யாருன்னே தெரியாது.

அடுத்த ஏத்தம் ப்ளாட்ஸர்வாசெல்ல புடிச்சிட்டாங்க. பார்கில், பிட்காக், அப்புறம் பொகச்சாரும் விங்கெகோவும் வந்து தாண்டுனாங்க. பொகச்சார் ஜெயிச்சாரு, பினோ ஏழாவது, டூர் மொத்தத்துல பதினொண்ணாவது. கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ற பதில் அந்த வளைவுலதான் இருக்கு. ஒருத்தர் கூட பாவம்னு பாக்க வரல. அவரு தாக்குவாருன்னு நம்பி வந்தாங்க, தாக்குனாரு.

24 ஜனவரி 2024

கடைசி ரேஸ் லொம்பார்தியாதான், 2023 அக்டோபர் 7. பெர்கமோ மேல்நகரத்து ஏத்தத்துல அதே ரசிகருங்க. பதினாலு வருஷமும் ஒரே டீம், மாதியோவோட டீம், அண்ணன் ஜூலியன் அங்கயே கோச். இப்ப மெலிசேல ஆடு, கழுதைன்னு பண்ணையோட இருக்காரு.

25 ஜனவரி 2024

கேட்டவருக்கு: இல்ல, டூர்ல புள்ளி போட்ட மலை ராஜா ஜெர்சி அவரு ஜெயிச்சதே இல்ல. 2023ல அது ச்சிக்கோனேவுக்கு போச்சு, அதுவும் பினோ தாக்குன அதே ஸ்டேஜ்ல முன்னாடி வந்த ஏத்தங்கள்ல புள்ளி பொறுக்கி உறுதி பண்ணிக்கிட்டாரு. ச்சிக்கோனே அந்த ஜெர்சிக்காக ஒழுங்கா திட்டம் போட்டு ஒழச்சாரு, அதுல கொற சொல்ல ஒண்ணுமில்ல. பினோ உச்சிக்கு உச்சி புள்ளி சேத்து சேத்து டூர் ஓட்டுனவரு இல்ல, ஸ்டேஜ் மேலதான் கண்ணு. ஜீரோ நீல ஜெர்சி கூட தாக்கித் தாக்கி ஓட்டுனதுல சேந்து வந்ததுதான்.